ஹெதர் இருப்பதாலேயே வகை தெரிந்துவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் ஹீத் நிலங்களைப் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தோம். கோடை முடிவில் அந்த நிலம் ஊதாவாக மாறும் காட்சியை அழகாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் இரண்டு இடங்கள் உறுத்தின. ஹீத் நிலத்துக்குத் 'தரிசு' என்று பெயர் கொடுத்தது ஒன்று. ஹெதர் செடி மிகுந்த இடமெல்லாம் ஒரே தாவரக் குழுமம் (சேர்ந்தே வளரும் செடிகளின் கூட்டம்), அது எந்த வகை என்பதைக் கணினி சொல்லிவிடும் என்ற தொனியில் எழுதியது இன்னொன்று. தாவரவியல் மாணவர்கள் இப்படிப்பட்ட பக்கங்களை வெட்டி வைத்துக்கொள்கிறவர்கள். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறோம்.

'தரிசு' என்றால் விளையாத, கைவிட்ட நிலம் என்று நம் வாசகர் எடுத்துக்கொள்வார். ஹீத் அப்படியல்ல. அமிலத்தன்மையும் சத்துக்குறைவும் உள்ள மணலிலும், மேலே மெல்லிய பீட் (முழுதும் மட்காத தாவரப் படிவு) படிந்த மண்ணிலும் ஹெதர், எரிகா, கோர்ஸ், பில்பெரி போன்ற குறும்புதர்கள் மூடிய நிலம் அது. இப்புதர்கள் பரப்பில் 25 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்தால்தான் களக் கணக்கெடுப்பில் ஹீத் என்று குறிப்பது வழக்கம். மேய்ச்சல், வெட்டு, அளவான தீ ஆகியவற்றால் மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மரம் ஏறவிடாமல் காத்த நிலம். கைவிட்டால் பிர்ச்சும் பைனும் ஏறி ஹீத் மறைந்துவிடும். 1800ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் இருந்த தாழ்நில ஹீத்தில் சுமார் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது. 'தரிசு' என்று பார்த்த கண்தான் மற்றதை உழுதது, அதில் மரம் நட்டது, வீடு கட்டியது.

இனி வகைப்படுத்தலுக்கு வருகிறோம். பிரிட்டனில் இதற்கு அடிப்படை தேசியத் தாவர வகைப்பாடு. 1975இல் தொடங்கி, லங்காஸ்டர், கேம்பிரிட்ஜ், எக்ஸிடர், மான்செஸ்டர் பல்கலைக்கழகங்களின் குழு ஜான் ராட்வெல் ஒருங்கிணைப்பில் நடத்திய பணி. சுமார் 35,000 மாதிரிச் சதுரங்களின் (செடிகளைப் பதிவு செய்ய நிலத்தில் அளந்து குறிக்கும் கட்டங்களின்) தரவு சேர்ந்தது. 1991 முதல் 2000 வரை ஐந்து தொகுதி நூலாக வெளிவந்தது. ஹீத்துக்கு மட்டும் எச்1 முதல் எச்22 வரை 22 குழுமங்கள். ஈர ஹீத் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அது சதுப்பு வகைகளோடு எம்15, எம்16 என்ற எண்களில் வருகிறது. எச் என்ற எழுத்துக்குள் மட்டும் தேடுகிறவர் முதல் நாளே தவறுவது இங்கேதான்.

அந்த 22இல் 14 குழுமங்களின் பெயரிலேயே ஹெதர், அதாவது கலூனா வல்காரிஸ், இருக்கிறது. மற்றவற்றிலும் அது வளரக்கூடும். எல்லாவற்றிலும் இருக்கும் செடி எதையும் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுபவை அதன் காலடியில் இருக்கும் புல், பாசி, லைக்கன், பக்கத்தில் நிற்கும் கோர்ஸ். கட்டுரையில் இவற்றில் ஒன்றின் பெயர்கூட வரவில்லை.

களத்தில் முதல் வேலை நடப்பது. சதுரம் போடும் முன் நிலம் முழுவதையும் நடந்து பார்த்து, எங்கே புல்லின் நிறம் மாறுகிறது, எங்கே காலடி நசநசக்கிறது, எங்கே புதரின் உயரம் மாறுகிறது என்று வரைபடத்தில் கோடிட வேண்டும். செடிகளின் கலவையும் அமைப்பும் ஒரே சீராகத் தெரியும் ஒவ்வொரு பகுதியும் ஒரு திட்டு. சதுரங்களைத் திட்டுக்குள்தான் போட வேண்டும். இரண்டு திட்டுகள் சந்திக்கும் விளிம்பு, பாதையோரம், முயல் கிளறிய இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். 'கண்ணால் தேர்ந்தால் பாரபட்சம் வராதா, சீரற்ற எண்களைக் கொண்டு போடலாமே' என்று புள்ளியியல் படித்தவர்கள் கேட்பார்கள். பரப்பளவைக் கணக்கிடுவதோ, ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்தை அளப்பதோ நோக்கம் என்றால் அவர்கள் சொல்வது சரி. குழுமத்துக்குப் பெயர் காண்பது நோக்கம் என்றால், விளிம்பில் விழும் சீரற்ற சதுரம் இரண்டு குழுமங்களைக் கலந்து எதற்கும் பொருந்தாத பட்டியலைத் தரும். திட்டைக் கண்ணால் தேர்ந்துவிட்டு, அதற்குள் சதுரம் விழும் இடத்தைச் சீரற்றதாக விடுவது நல்ல நடுவழி.

குறும்புதர் ஹீத்துக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர் சதுரம். உயர்ந்த அல்லது இடைவெளி மிகுந்த புதருக்கு 4க்கு 4. முழங்கால் உயரக் கோர்ஸுக்குள் இரும்புச் சட்டகம் இறங்காது. நான்கு முளையும் ஒரு கயிறும் போதும். மூலைவிட்டம் 2.83 மீட்டர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் சதுரம் கோணாது. ஓடைக்கரை போல ஒடுங்கிய திட்டானால் 1க்கு 4 என்று நீட்டலாம், பரப்பு மட்டும் மாறக்கூடாது. ஒரு திட்டுக்கு ஐந்து சதுரத்துக்குக் குறையக்கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள எல்லாச் செடிகளையும், பாசியும் லைக்கனும் உட்பட எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு மூடுகிறது என்பதை டோமின் அளவுகோலில் குறிக்க வேண்டும். 91 முதல் 100 சதவீதம் 10. 76–90 என்றால் 9. 51–75 என்றால் 8. 34–50 என்றால் 7. 26–33 என்றால் 6. 11–25 என்றால் 5. 4–10 என்றால் 4. நான்கு சதவீதத்துக்குக் கீழே பல செடிகள் 3, சில செடிகள் 2, ஒன்றிரண்டு 1. கண் அளவுக்கு ஒரு கணக்கு உதவும்: 2க்கு 2 சதுரத்தில் 20 சென்டிமீட்டருக்கு 20 என்பது ஒரு சதவீதம், 40க்கு 40 என்பது நான்கு, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்பது இருபத்தைந்து. எல்லாவற்றையும் கூட்டினால் நூறைத் தாண்டுவது தவறல்ல. ஹெதருக்குக் கீழே பாசி, பாசிக்கு மேலே புல் என்று அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று கிடக்கின்றன. நூறுக்குள் அடக்கப் பார்ப்பவர் தம்மை அறியாமல் பாசியின் எண்ணைக் குறைத்துவிடுவார். பாசியைக் காண வேண்டுமென்றால் ஹெதர் கிளைகளைக் கையால் விலக்கி அடித்தண்டுவரை பார்க்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்து எழுதிய பட்டியல் பாதிப் பட்டியல்தான்.

கூடவே எழுத வேண்டியவை: தேதி, வரைபடக் குறியீடு, கடல்மட்ட உயரம், சரிவு, சரிவின் திசை, ஒவ்வோர் அடுக்கின் உயரமும் மூடும் பரப்பும், வெற்று மண், மேய்ச்சல், எரிந்த தடயம், மண்ணின் தன்மை, பீட்டின் ஆழம். பீட் ஆழத்தை மெல்லிய கம்பியால் குத்திப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் பலர் விட்டுவிடும் அளவு இது. பீட் அரை மீட்டரைத் தாண்டினால் அது ஈர ஹீத்தா, ஆழ்ந்த பீட் நிலத்தைப் போர்த்திக் கிடக்கும் போர்வைச் சதுப்பா என்ற கேள்வி எழுகிறது. செடிப் பட்டியல் மட்டும் அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லாது.

இனி அடையாளம் காண்பது. வகைப்படுத்தலில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை கணினியில் பிறப்பதில்லை, இங்கேதான் பிறக்கின்றன. ஹெதரின் இலைகள் எதிரெதிராக நான்கு வரிசையில் செதில்போலத் தண்டோடு ஒட்டியிருக்கும். பெல் ஹெதர் என்ற எரிகா சினேரியாவுக்கு இலைகள் மூன்று மூன்றாக வட்டத்தில் வரும், கணுக்களில் குட்டி இலைக்கொத்துகள் இருக்கும். எரிகா டெட்ராலிக்ஸுக்கு நான்கு நான்கு, இலை சாம்பல் பூத்து ரோமத்தோடு இருக்கும். சினேரியா உலர் நிலத்துக்காரி, டெட்ராலிக்ஸ் ஈரத்துக்காரி. பூ இல்லாத மாதத்தில் இவற்றை மாற்றி எழுதினால் நிலத்தின் நீர்நிலையையே தலைகீழாகச் சொன்னதாகிவிடும்.

கோர்ஸில் மூன்று இனங்கள். உயர்ந்து வளரும் பெருங்கோர்ஸ் முக்கியமாக வசந்தத்தில் பூக்கும். குட்டையான மற்ற இரண்டும், யூலெக்ஸ் மைனரும் யூலெக்ஸ் கேலியையும், கோடை முடிவிலிருந்து பூக்கும். இவை இரண்டையும் முள்ளின் கடினத்தை வைத்துப் பிரிப்பது சூதாட்டம். புல்லிவட்டத்தை அளக்க வேண்டும். மைனருக்கு அது பெரும்பாலும் 9 மில்லிமீட்டருக்குள், பற்கள் விரிந்திருக்கும். கேலியைக்கு அதைவிட நீளம், பற்கள் ஒன்றையொன்று நோக்கிக் குவிந்திருக்கும். புற்களில் அக்ராஸ்டிஸ் கர்டிசி, ஃபெஸ்டுகா ஓவினா, டெஷாம்சியா ஃப்ளெக்ஸுவோசா மூன்றும் ஊசி இலைப் புற்கள், பூக்காதபோது சகோதரிகள் மாதிரி இருக்கும். இலையைத் தண்டிலிருந்து மெல்ல விலக்கி, இணையும் இடத்தில் உள்ள சவ்வு நாவைப் பாருங்கள். கர்டிசிக்கு 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளத்தில் கூராக இருக்கும். டெஷாம்சியாவுக்கு மழுங்கியிருக்கும். ஃபெஸ்டுகாவுக்கு இருப்பதே தெரியாது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்பதை இரண்டுக்கு இரண்டு கட்ட அட்டவணையாகவே மனத்தில் போடலாம். தென் இங்கிலாந்தின் ஹீத்தில் மைனர் இருந்து கர்டிசி இல்லையென்றால் எச்2 பக்கம் போகிறோம். மைனரும் கர்டிசியும் சேர்ந்திருந்தால் எச்3. கேலியையும் கர்டிசியும் என்றால் எச்4. கேலியை மட்டும், கர்டிசி இல்லை என்றால் எச்8. எல்லா இடத்திலும் ஹெதர் ஊதாவாகப் பூத்துக்கொண்டுதான் இருக்கும். ஒரு கோர்ஸ், ஒரு புல், இவை இரண்டும் நான்கு குழுமங்களைப் பிரிக்கின்றன. பெரும்பாலும் மைனர் தென்கிழக்கையும் கேலியை மேற்கையும் சேர்ந்தவை. ஆகவே சரே மாவட்டத்தில் எச்4 என்று முடிவு வந்தால் புல்லிவட்டத்தை மறுபடி அளப்பது நல்லது.

பாசிகளில் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. எச்9 குழுமத்தில் ஏறக்குறைய எல்லாச் சதுரத்திலும் வரும் செடிகள் மூன்றே: ஹெதர், டெஷாம்சியா, போலியா நுட்டன்ஸ் என்ற சிறு பாசி. அந்தப் பாசியைத் தவறவிட்டால் அடையாளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பெயர் தெரியாத பாசியைக் காகித உறையில் போட்டு, சதுர எண் எழுதி, பின்னர் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். 'பாசி வகை' என்று ஒரே வரியில் எழுதுவதால் பயனில்லை.

அடுத்தது அட்டவணை. ஒரு திட்டின் ஐந்து சதுரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, ஒவ்வொரு செடியும் எத்தனை சதுரத்தில் வந்தது என்று எண்ணுங்கள். 1–20 சதவீதச் சதுரங்களில் வந்தால் நிலைப்பு ஒன்று, 21–40 இரண்டு, 41–60 மூன்று, 61–80 நான்கு, 81–100 ஐந்து. நூலில் இவை ரோமன் எண்களில் இருக்கும். நான்கும் ஐந்தும் பெற்றவையே அந்தக் குழுமத்தின் நிலைத்த செடிகள். ஐந்து சதுரம் இருந்தால் ஐந்து படிகளும் கிடைக்கும். மூன்றே சதுரம் போட்டால் ஒரு செடிக்கு 33, 67, 100 என்ற மூன்று எண்கள்தான் சாத்தியம். முதல் படியும் மூன்றாம் படியும் பிறக்கவே வழியில்லை. தற்செயலாக ஒரு சதுரத்தில் முளைத்த செடியும் இரண்டாம் படி வாங்கிவிடும். செலவு மிச்சம் என்று மூன்றோடு நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு மூடுகிறது என்பதைவிட எத்தனை சதுரத்தில் வருகிறது என்பதற்குத்தான் இங்கே முதல் மதிப்பு. மூடும் பரப்பு தீயாலும் மேய்ச்சலாலும் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும், செடி இருப்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

இப்போது மிகப் பொதுவான பிழை. தென் இங்கிலாந்தின் டார்செட் பக்கத்து ஒரு சரிவை எடுத்துக்கொள்வோம். மேலே உலர்ந்த மணல். அங்கே ஐந்து சதுரம்: ஹெதர், எரிகா சினேரியா, யூலெக்ஸ் மைனர் மூன்றும் எல்லாச் சதுரத்திலும். கீழே நீர் தேங்கும் பகுதி. அங்கேயும் ஐந்து சதுரம்: ஹெதர், எரிகா டெட்ராலிக்ஸ், மொலினியாப் புல், ஸ்பேக்னம் காம்பாக்டம் என்ற சதுப்புப் பாசி எல்லாச் சதுரத்திலும். தனித்தனியாக வைத்தால் மேலே எச்2, கீழே எம்16, சந்தேகமே இல்லை. 'ஒரே சரிவுதானே' என்று பத்தையும் ஒன்றாகப் போட்டால் ஹெதருக்கு மட்டும் ஐந்தாம் படி நிற்கும், மற்ற ஐந்தும் 50 சதவீதம், மூன்றாம் படி. அந்த அட்டவணையைப் பொருத்திப் பார்த்தால் எச்2இன் மொலினியாத் துணைக்குழுமம் போலவோ எச்3 போலவோ ஏதோ ஓர் இடைநிலை ஈர ஹீத் வந்து நிற்கும். அந்தச் சரிவில் ஓரிடத்திலும் இல்லாத குழுமம் அது. சட்டப்படியும் இது சின்ன விஷயமல்ல. 1992ஆம் ஆண்டின் ஐரோப்பிய வாழிட ஆணையில் எச்2 உலர் ஹீத்துக்கான 4030 என்ற வாழிட எண்ணின் கீழ் வருகிறது. எம்16 ஈர ஹீத்துக்கான 4010இன் கீழ் வருகிறது. கீழ்ப்பகுதியின் பெயர் தொலைந்தால் அதன் நீர்மட்டத்தைக் காக்கவேண்டிய காரணமும் கோப்பிலிருந்து தொலைந்துவிடும். பக்கத்தில் வாய்க்கால் வெட்ட அனுமதி கேட்பவருக்குத் தடை இருக்காது.

சதுரங்கள் நிறைய இருந்து, திட்டுகளை மனத்தால் பிரிக்க முடியாவிட்டால், முதலில் ட்வின்ஸ்பேன் போன்ற நிரலால் சதுரங்களையே குழுக்களாகப் பிரித்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் தனி அட்டவணை போடலாம். பிரித்த பின்னும் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். நிரல் ஒரு குழுவில் சேர்த்த சதுரங்கள் களத்தில் பள்ளத்திலும் மேட்டிலுமாகச் சிதறிக் கிடந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

பொருத்திப் பார்க்க மேட்ச், டேபிள்ஃபிட், மேவிஸ் என்ற நிரல்கள் உண்டு. நாம் கொடுத்த பட்டியலை நூலின் அட்டவணைகளோடு ஒப்பிட்டு, நெருங்கியவற்றை மதிப்பெண்ணோடு வரிசைப்படுத்தித் தருவதோடு அவற்றின் வேலை முடிந்தது. முதலிடத்தில் 62, இரண்டாமிடத்தில் 60 என்று வந்தால் முதலாவது வென்றதாகப் பொருளில்லை. ஹீத்தில் ஒரு சதுரத்தில் பத்துச் செடிகூடத் தேறாமல் போவதுண்டு. அப்படிப்பட்ட ஏழைப் பட்டியலில் ஒரு செடியைச் சேர்த்தாலோ நீக்கினாலோ வரிசையே மாறிவிடும். இன்னொரு கண்ணி, பெயர்கள். டெஷாம்சியா ஃப்ளெக்ஸுவோசாவை இன்று அவெனெல்லா என்கிறார்கள். நூலில் ஸ்கிர்பஸ் செஸ்பிடோசஸ் என்று இருப்பது இன்று ட்ரைக்கோஃபோரம். புதுப் பெயரைக் கொடுத்தால் பழைய நிரலுக்கு அது யாரென்று தெரியாது, பட்டியலிலிருந்து விட்டுவிடும். எச்9ஐ எச்9 ஆக்கும் புல்லே இப்படி விடுபட்டால் முடிவு என்னவாகும்? நிரல் எத்தனை செடிகளை ஏற்றுக்கொண்டது என்பதை, நீங்கள் எழுதிய எண்ணிக்கையோடு ஒப்பிடாமல் மதிப்பெண்ணைப் பார்க்கவே கூடாது. பிறகு முதல் மூன்று நான்கு குழுமங்களின் முழு விவரிப்பை நூலில் படித்து, மண், உயரம், காலநிலை, பரவல் எல்லாம் ஒத்துவருகின்றனவா என்று பார்த்தே பெயர் எழுத வேண்டும். எதற்கும் பொருந்தவில்லை என்றால் 'பொருந்தவில்லை, நெருக்கமானது இது' என்று எழுதுவது முழுமையான முடிவுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிலத்தின் வயதும் குழப்பும். ஹெதர் இளமை, வளர்ச்சி, முதிர்ச்சி, தளர்ச்சி என நான்கு பருவங்களைச் சுமார் 30 ஆண்டுகளில் கடக்கிறது. வளர்ச்சிப் பருவத்தில் கவிகை இறுகி மூடிக்கொள்வதால் கீழே ஹிப்னம் பாசியைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. ஏறக்குறைய எல்லாக் குழுமத்துக்கும் பொருந்தும் பட்டியல்தான் கிடைக்கும். அங்கே சதுரங்களின் எண்ணிக்கையைக் கூட்டி, அருகில் வேறு வயதுள்ள அதே மண்ணையும் பார்க்க வேண்டும். எரிந்த எச்12 (ஹெதர்–பில்பெரி) நிலத்தில் பில்பெரி வேர்த்தண்டிலிருந்து ஹெதரை முந்திக்கொண்டு துளிர்க்கும். சில ஆண்டுகள் அது எச்18 (பில்பெரி–டெஷாம்சியா) போலவே தோற்றமளிக்கும். எரிந்த ஆண்டைக் குறிக்காத பதிவில் இதைப் பிரிக்க முடியாது. ஹெதர் வண்டு தாக்கிய ஆண்டில் செடி பழுப்பேறி நிற்கும். உயிருள்ள பரப்பைத் தனியாகவும் காய்ந்ததைத் தனியாகவும் எழுதுங்கள். வண்டுக்குப் பின் புல் ஏறுகிறதா, ஹெதர் திரும்புகிறதா என்று பின்னால் வருபவர் அறிய அந்த இரண்டு எண்களும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வகைப்பாட்டுக்கான களத்தரவு பெரும்பாலும் 1970களைச் சேர்ந்தது. அதன் பிறகும் காற்றிலிருந்து நைட்ரஜன் படிந்துகொண்டே இருக்கிறது. உலர் ஹீத் தாங்கக்கூடிய எல்லையாக முன்பு ஆண்டுக்கு எக்டேருக்கு 10 முதல் 20 கிலோ என்று வைத்திருந்ததை, 2022இல் 5 முதல் 15 என்று குறைத்தார்கள். லைக்கன் குறைந்து புல் மிகுந்த இன்றைய ஹீத் பழைய அட்டவணையோடு சரியாகப் பொருந்தாமல் போவது கணக்கெடுத்தவரின் பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1941இல் பிரிட்டனில் முதன்முதலாகப் பதிவான தென்கோளத்துப் பாசி கேம்பிலோபஸ் இன்ட்ரோஃப்ளெக்சஸ் இன்று வெற்று மண்ணில் கம்பளம் விரித்துக் கிடக்கிறது. அதையும் அளந்து எழுத வேண்டும். மதிப்பெண் குறைகிறது என்பதற்காகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடக் கூடாது.

எங்கள் வேண்டுகோள் இரண்டு. இனி இப்பொருளில் கட்டுரை வந்தால் 'தரிசு' என்பதை விட்டுவிட்டு 'ஹீத் நிலம்' என்றோ 'குறும்புதர் வெளி' என்றோ எழுதுங்கள். தாவரக் குழும வரைபடம் அச்சிட்டால், எந்த ஆண்டு, எந்த மாதத்தில், திட்டுக்கு எத்தனை சதுரங்கள், பாசியும் லைக்கனும் சேர்க்கப்பட்டனவா என்ற நான்கு விவரங்களை வரைபடத்துக்குக் கீழே ஒரு வரியில் போடுங்கள்.

இப்படிக்கு,
தாவரக் கணக்கெடுப்புப் பணியில் உள்ள வாசகர்கள்